ஐந்து பெண் வண்டு, ஒரு ஆண் வண்டு

தளவாய் திருடன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று கயத்தாறு தாண்டும்போது எமல்டா மூன்றாவது தடவையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சரி, இல்லை. அப்படியானால் அந்த வண்டு சிறுமலைக்கு எப்படிப் போயிற்று? பஸ் ஏறியா போயிற்று? இந்த இடத்துக்கு வந்ததும் பதில் ஓடாமல் நின்றுவிட, தளவாய் மறுபடியும் திருடனாகிப் போனான். மடியில் துண்டு சுற்றிய மரப்பெட்டி இருந்தது. அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள். உள்ளே ஆறு ஊசிகள், ஊசிக்கொரு சின்ன முக்கோண அட்டை, அட்டை நுனியில் பசையிட்டு ஒட்டிய ஒரு வண்டு. வண்டு என்றால் ஊரில் எவரும் ஏறிட்டுப் பார்க்காத ஜாதி. பறக்காது, பாடாது, பயிரைத் தின்னாது. சருகுக்கு அடியில் ஓடித் திரியும் தரைவண்டு, அரிசிக் குருணை அளவு, கருப்பென்றும் சொல்ல முடியாத ஒரு பழுப்பு. இதற்காகத்தான் ஒன்பது வருஷம். அம்பாசமுத்திரத்துக்கு மேலே குளிராட்டிச் சோலையில் அட்டைக்கடி பட்டு, வனத்துறையிடம் அனுமதிக்கு நடையாய் நடந்து, முழங்கால் இரண்டையும் கெடுத்துக்கொண்டு அவள் சேர்த்தது ஐந்தே ஐந்து. ஐந்தும் பெண். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புது இனம் என்று அடித்துச் சொல்ல இந்த வண்டுக்கூட்டத்தில் வழியில்லை. ஆணின் உறுப்பை அறுத்து எடுத்து, அதன் வளைவைப் பார்த்துத்தான் அண்ணன் இனமா தம்பி இனமா என்று பிரிக்க முடியும். அந்த ஆண் அவளுக்குக் கிடைக்கவில்லை. கூட ஆராய்ச்சி செய்யும் தளவாய்க்குக் கிடைத்தது. சோலையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி, திண்டுக்கல் பக்கம் சிறுமலையில், ஒரே ஒரு நாள், ஒரே ஒன்று. புது இனத்தின் பெயரைத் தாங்கும் மூலமாதிரி அந்த ஆண்தான் என்பதால் அது பிடிபட்ட ஊரே பெயருமாயிற்று: சிறுமலையென்சிஸ். கட்டுரையில் அவள் பெயர் முதலிலும் தளவாய் பெயர் அடுத்ததிலும் இருக்கிறது. இதழிலிருந்து அச்சுப்படி வந்து இரண்டு நாளாகிவிட்டது. இன்று மாலைக்குள் சரி என்று ஒரு வரி எழுதினால் நாளை அச்சேறிவிடும். ஏறிவிட்டால் பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. ஊர் தப்பென்று பின்னால் தெரிந்தாலும் வைத்த பெயர் வைத்ததுதான், அதுதான் சட்டம். எழுதவில்லை. முதலில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காலையில் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"மடியில என்ன தாயி, புள்ளையக் கணக்கா புடிச்சிருக்கீக?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. கயத்தாறில் ஏறியவள், அறுபது வயதிருக்கும், காலுக்கடியில் இரண்டு துணிப்பை நிறைய முருங்கைக்காய். மதுரையில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம், ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் மகளின் மாமியார் குணம்வரை சொல்லி முடித்திருந்தாள். "கண்ணாடிச் சாமான்," என்றாள் எமல்டா. அது ஏன் பொய் சொன்னோம் என்று உடனே தோன்றியது. பூச்சி என்றால் அந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதானே. ஆனால் இரண்டு நாளாக அவளுக்கு யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் இருந்தது. முன் சீட்டில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தான், அதில் அவள் முகம் தெரிவதுபோல இருந்தது. டிரைவர் வேண்டுமென்றே பள்ளத்தில் விடுகிறான் என்று பட்டது. ஒரு குலுக்கலில் ஒரு கால் ஒடிந்தால் போதும், நாலு மில்லிமீட்டர் வண்டில் ஒரு கால் என்பது சின்னச் சேதமல்ல. "கண்ணாடின்னா கீழ வைங்க, நான் காலால அணைச்சுக்கிடுதேன்," என்றாள் அந்த அம்மாள் ஆசையாக. வேண்டாம் என்று எமல்டா பெட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அம்மாள் முகம் சுண்டிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை தளரவில்லை.

அவனைத் திருடன் என்று சும்மா சொல்லிவிடவில்லை, காரணம் இருக்கிறது. ஒன்றா இரண்டா? போன வாரம் கருத்தரங்கில் ஒரு பெண், வனவியல் படிக்கிறவள், டீ குடித்துக்கொண்டே சொன்னாள், சிறுமலையில் இரண்டு வருஷம் குழிப்பொறி வைத்தேன் மேடம், நீங்கள் சொல்கிற மாதிரி ஒன்றுகூட விழவில்லை என்று. அதைக் கேட்டதும் கையிலிருந்த டீ எமல்டாவுக்குக் கசந்துவிட்டது. விழாமல் இருக்கலாம். சின்ன வண்டு, பெரிய மலை. ஆனால் அந்த ஆண் பிடிபட்டதாகச் சொன்ன அக்டோபரில் குளிராட்டியிலிருந்து அவள் கொண்டுவந்த சருகுச் சலிப்பில், பிரித்துப் பார்க்காத மூன்று பாட்டில்கள், கெடாமலிருக்கச் சாராயத்தில் போட்டவை, டிசம்பரில் தளவாயின் கல்லூரிக்குப் போயின. அங்கே மைக்ரோஸ்கோப்பில் நல்ல கேமரா இருந்தது, பாட்டில்களை அவன்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான், நானே பிரித்துத் தருகிறேன் அக்கா, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று. சிரமம்! பிரித்துத் தந்தபோது அதில் தரைவண்டே இல்லை என்றான். அடுத்த மாதமே அவனிடமிருந்து தபாலில் இந்த ஆண் வந்தது. அதன் லேபிளில் சிறுமலை, அக்டோபர் பதினாறு. ஒரு பாட்டில் வண்டை இன்னொரு ஊர் லேபிளில் ஏற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும்? ஊசியைத் தூக்கி வைக்கிற நேரம். அதோடு அவனுக்கு இந்த வருஷம் பதவி உயர்வு நேர்காணல் இருக்கிறது. அதோடு அவன் லேபிள்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதினவை. இந்த இடத்தில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம் வந்தது, ஏனென்றால் அவளும் அப்படித்தான் எழுதுவாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒரு மாத லேபிளையும் மொத்தமாக. சரி, அதை விட்டுவிடலாம். ஆனால் அவன் சிரிப்பு? அவளோடு எம்.பில். படிக்கும்போதே அப்படித்தான், வள்ளியூரிலிருந்து வந்த பையன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பேராசிரியர் திட்டினாலும் சிரிப்பான், பரிசோதனை பாழானாலும் சிரிப்பான். இப்படி எதையும் மனசில் வைக்காமல் சிரிக்கிறவனை எப்படி நம்புவது? நம்பித்தான் இருபது வருஷம் ஆகிவிட்டது. அவள் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினவன். அவளுக்குக் குழந்தை தங்காமல் போன சமயம் மாதுளம்பழத்தோடு வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவன். அப்படிப்பட்டவன் திருடுவானா என்று மனசு கேட்டது. அப்படிப்பட்டவன் திருடினால் யார் சந்தேகப்படுவார்கள் என்று இன்னொரு பக்கம் அதே மனசே கேட்டது.

கோவில்பட்டியில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. கடலைமிட்டாய் விற்கிறவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள். எமல்டா பழையபடி அந்த அக்டோபரை நாள் நாளாக அடுக்கத் தொடங்கினாள், தூக்கம் வராத இரண்டு ராத்திரியும் அடுக்கினதுதான். பன்னிரண்டு, சனிக்கிழமை, சோலைக்கு ஏறினாள். மழை. மத்தியானம்வரை சருகு சலித்தாள். பதிமூன்று, ஞாயிறு, இன்னும் இரண்டு இடத்தில் சலித்துவிட்டுச் சாயங்காலம் இறங்கினாள், நனைந்த துணியோடு பாளையங்கோட்டை வந்து சேர எட்டு மணி. பதினாறு, புதன், சிறுமலையில் தளவாய். பதினேழு, வியாழன், அவள் மறுபடி பாடம் நடத்தக் கல்லூரிக்குப் போனாள், முதல் மணி நேரம் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. நடுவில் திங்கள், செவ்வாய். அங்கே ஒன்றுமில்லை. காய்ச்சல் என்று மட்டும் கள நோட்டில் ஒரு சொல் எழுதியிருக்கிறது, கோணல்மாணலாக. மற்ற நாளெல்லாம் மழையின் வாசம்வரை நினைவிருக்க, அந்தத் திங்கட்கிழமையில் கால் வைத்தால் மட்டும் வழுக்கியது. காய்ச்சலில் படுத்திருந்தவளுக்கு என்ன நினைவிருக்கும், அதில் தேட என்ன இருக்கிறது என்று தாண்டிப் புதனுக்குப் போய்விடுவாள். புதன் தளவாயின் நாள். விசாரிக்க வேண்டியது அவனைத்தானே.

சாத்தூர் வரும்போது அவனே கூப்பிட்டான். "எக்கா, எங்க வந்துட்டிருக்கிய?" "சாத்தூர்." "உக்கார எடம் கெடச்சுதா? வெயிலு உங்க பக்கம் அடிக்கா?" "இல்ல." "மதியத்துக்கு வஞ்சிரம் வாங்கிட்டு வரச் சொல்லிருக்கேன். உங்க அளவுக்கு எங்க வீட்டுல வைக்கத் தெரியாது, திட்டப்படாது." சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்று, "எக்கா, எதுக்குத் திடீர்னு வாரியன்னு சொல்லலியே. பெட்டியும் கொண்டாரேன்னிய..." என்றான். "வந்து சொல்லுதேன்," என்று வைத்துவிட்டாள். எதற்கு வருகிறாய் என்று கேட்டானே, அது பயம். மீன் வாங்குகிறானே, அது காக்கா பிடிப்பது. வெயில் அடிக்கிறதா என்று கேட்டது? அதற்கும் ஏதாவது இருக்கும். போனைப் பையில் போட்டாள். பயம் அவளுக்கும் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டபிறகு, ஆமாம் என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது? கட்டுரையைக் கிழித்துவிடலாம். தளவாய் இல்லாமல் வேறு யாரிடம் போய், இந்த வண்டின் தோள் வளைவு எவ்வளவு அழகு பார் என்று காட்டுவது? புருஷனிடம் ஒருதடவை காட்டினாள். நல்லா இருக்கு, எறும்புதானே என்றார்.

எறும்பு என்று நினைக்கும்போதே முழங்கையில் சுருக்கென்றது. பார்த்தால் நிஜமாகவே ஒரு முசுறு, சிவப்பாக, பெரிதாக. முருங்கைக்காய்ப் பையிலிருந்து அந்த அம்மாளின் சேலையில் ஏறி, அங்கிருந்து இவள் கைக்கு வந்திருந்தது. "அய்யய்யோ, கடிச்சிருச்சா தாயி?" என்று அந்த அம்மாள் பதறிக்கொண்டு பையைத் தூக்கி, பஸ் என்றும் பாராமல் உதறத் தொடங்கினாள். தையல் மடிப்புக்குள்ளிருந்து இன்னும் ஐந்தாறு விழுந்தன. "நேத்தே காயப் பறிச்சுப் போட்டேன். எங்க வீட்டு மரத்துலருந்து கூடவே வருதே சனியன். பைய ஒருக்க உதறிட்டுப் போட்டிருக்கணும், யாரு உதறுனா?" எமல்டா கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தேய்ப்பதை நிறுத்தினாள். யார் உதறினார்கள்? பை. சருகு சலிக்கிற பை. இரண்டு இரும்பு வளையம், நடுவில் கம்பிவலை, கீழே முட்டிவரை தொங்கும் காக்கித் துணி, அவள் தையல்காரரிடம் அளவு சொல்லித் தைத்து வாங்கினது. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அந்தப் பையைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் அதை உள்வெளியாகப் புரட்டித் தடியால் அடிக்க வேண்டும், மூன்று நாள் வெயிலில் போட வேண்டும், தையல் மடிப்பை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மலைப்பூச்சி அந்த மலைக் கணக்கில் ஏறிவிடும். வேலைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் அவள்தான். திங்கட்கிழமை இப்போது வந்தது, தடையே இல்லாமல், இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்ததுபோல. போர்வைக்குள் பல் கிட்டித்துப் படுத்திருந்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே தளவாயின் தலை. வள்ளியூரிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தான். எக்கா, உங்க சலிக்கிற பைய ஒரு வாரத்துக்குத் தாங்களேன், எங்க பை கிழிஞ்சு போச்சு. பின்னால கொடியில கெடக்கு, எடுத்துக்கோ. போனான், திரும்பி வந்தான், கையில் பை சொட்டிக்கொண்டிருந்தது. எக்கா, ஈரமா இருக்கே, உதறியாச்சா? கண்ணைக்கூடத் திறக்காமல், அவன் போனால் தூங்கலாம் என்ற ஒரே நினைப்பில், அவள் சொன்னாள், ஆமா ஆமா, எல்லாம் உதறியாச்சு.

உதறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோலையிலிருந்து வந்த பை வந்தபடியே கொடியில் தொங்கியது. செவ்வாய் போய்ப் புதன்கிழமை சிறுமலையில் அவன் சலித்தபோது, ஈர மடிப்புக்குள் உயிரோடு இருந்த குளிராட்டி வண்டு ஒன்று சிறுமலைச் சருகோடு விழுந்திருக்கிறது. விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாமே என்று உடனே ஒரு குரல், அதுவும் அவளுடையதுதான், சாமர்த்தியமாக எழுந்தது. பையில் வண்டு இருந்ததை யார் பார்த்தார்கள்? சிறுமலையிலும் அந்த இனம் இருக்கலாம் இல்லையா? இரண்டு மலைக்கும் நடுவே என்றோ காடு தொடர்ந்து கிடந்தது என்று அவளே கட்டுரையில் ஒரு பக்கம் எழுதி, படித்துப் பார்த்தவர்கள் பாராட்டிய பக்கம் அல்லவா அது? சரி என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஒன்பது வருஷமும் கரையேறிவிடும். அந்தத் திங்கட்கிழமை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், ஒருவனுக்கு அது மறந்தும் போயிருக்கும். விருதுநகர் வரைக்கும் அந்தக் குரல் பேசிக்கொண்டே வந்தது. எமல்டா அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள், இரண்டு நாளாகத் தளவாயின் வாயில் வைத்துப் பார்த்த பேச்செல்லாம் அச்சு அசலாக இதுதான் என்று கேட்கக் கேட்கத் தெரிந்தது. மடியிலிருந்த பெட்டியைத் திறக்காமலே அவளுக்கு அந்த ஆறாவது ஊசி தெரிந்தது. அது இனிமேல் சிறுமலை வண்டும் இல்லை, குளிராட்டி வண்டும் இல்லை. இங்கேதான் பிடித்தது என்று எந்த ஊரின் பெயரையும் அதன் லேபிளில் எழுத முடியாது. ஊர் எழுத முடியாத மாதிரியை நம்பிப் பெயர் வைக்க முடியாது. இன்னொரு ஆண் வேண்டும். அனுமதி போன வருஷத்தோடு முடிந்துவிட்டது, முழங்கால் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அழுகை வந்தது. பக்கத்து அம்மாள் எறும்புக்கடிக்கென்று நினைத்து, தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். எமல்டா வாங்கிக் குடித்தாள். பிறகு போனை எடுத்து, திருமங்கலம் வருவதற்குள், நாலு தடவை அழித்து எழுதி, தயவுசெய்து அச்சிட வேண்டாம், ஆண் மாதிரி பிடிபட்ட இடம் நம்பத்தக்கதல்ல, தவறு என்னுடையது என்று இதழாசிரியருக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு பசித்தது.

கப்பலூர் டோல்கேட்டில் வண்டிகள் நீளமாக நின்றன. தளவாயைக் கூப்பிட்டாள். பையைப் பற்றி, ஞாயிறு ராத்திரியைப் பற்றி, கொடியைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவன் பக்கம் பின்னால் எங்கோ மீன் பொரிகிற சத்தம் கேட்டது. "அப்போ நம்ம ஆளு சிறுமலைக்காரன் இல்லியாக்கா?" என்றான். "தெரியாதுப்பா. இனிமே யாருக்கும் தெரியாது." "எக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன். அதுக்கப்புறம் நான் பதினோரு தடவ சிறுமலை ஏறிட்டேன். ஒண்ணுகூட இல்ல. எனக்கு ராத்திரி ஒறக்கமே இல்லக்கா. உங்க பாட்டில எங்கிட்ட வச்சிருந்தேனே, கை மாறி நாந்தான் எங்கயோ கலந்துட்டேனோன்னு பயம். உங்ககிட்ட சொன்னா ஒன்பது வருசப் பாடு போயிருமேன்னு வாயத் தெறக்கல. பைய வாங்கும்போது உதறியாச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த வம்பே இல்ல. நான் கேக்கல பாருங்க, என் தப்புதான்." "நீ கேட்டே," என்றாள் எமல்டா. "உதறியாச்சுன்னு நாந்தான் சொன்னேன்." அவன் பெருமூச்சு விட்டான், சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்றும் கூடவே வந்தது. "நெஞ்சுல இருந்த கல்ல எறக்கிட்டியக்கா. இதப் போன்ல சொல்லப்படாதுன்னுதான் பெட்டியத் தூக்கிட்டு இம்புட்டு தூரம் பஸ்ல வாரியளாக்கும்? வேற யாராச்சும்னா, தளவாய் பாட்டில்ல இருந்து எடுத்துட்டான்னுல்லா நெனச்சிருப்பாவ." பஸ் நகர்ந்தது. பக்கத்து அம்மாள் முருங்கைக்காயை எண்ணி, மகளுக்கு இருந்தது போக நாலைத் தனியே எடுத்து எமல்டாவின் பெட்டி மேல் வைத்தாள். "நீங்க நெனைக்கலல்லா அக்கா?" என்றான் தளவாய், விளையாட்டாகத்தான் கேட்டான். "சேச்சே, உன்னையா?" என்றாள் எமல்டா. குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.